இரண்டாம் மொழியில் விரிவுரை: கேட்டுக்கொண்டே குறிப்பெடுப்பது எப்படி?

நடுவரிசை:
பாடப்புத்தகத்தை ஆங்கிலத்தில் வாசித்தால் புரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரிவுரையைக் கேட்டாலும் ஓரளவு பிடிபடுகிறது. எழுத ஆரம்பித்ததும்தான் சிக்கல். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்த இரண்டு மூன்று வாக்கியங்கள் போய்விடுகின்றன. கடைசியில் நோட்டில் மிஞ்சுவது ஸ்லைடில் ஏற்கெனவே இருந்த வார்த்தைகள்தான். கல்லூரியில் முதன்முறையாக வேற்றுமொழியில் பாடம் கேட்கும் பலருக்கும் இதே நிலை என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

எழுதாமல் கேட்பது மட்டும் போதுமா? குறிப்பை எந்த மொழியில் எழுதுவது? ஒலிப்பதிவு செய்து பிறகு கேட்டால் உதவுமா? "நிறைய கேளுங்கள், தானாக வரும்" என்கிற பதில் வேண்டாம். எதை, எத்தனை நிமிடம், எந்த வரிசையில் என்று சொல்லுங்கள்.

செவிவழி:
முதலில் வேகக் கணக்கு. விரிவுரையாளர் வினாடிக்கு 2 முதல் 3 சொற்கள் பேசுகிறார். கையால் எழுதுபவர் வினாடிக்கு 0.3 முதல் 0.4 சொல்தான் எழுதுவார். குறிப்பெடுத்தலின் மனச்சுமை பற்றி பியோலாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய கட்டுரையில் இந்த எண்கள் இருக்கின்றன. ஏழு சொல் பேசப்படும் நேரத்தில் ஏறக்குறைய ஒரு சொல். தாய்மொழியில் கேட்பவருக்கும் இதே விகிதம்தான். அதனால் கையை வேகப்படுத்தி இதைத் தீர்க்க முடியாது.

வேறுபாடு இன்னோர் இடத்தில் இருக்கிறது. தாய்மொழியில் சொற்களை அடையாளம் காண்பதற்கு முயற்சியே தேவையில்லை. மிச்சமிருக்கும் கவனம் முழுவதும் "இதில் எது முக்கியம்?" என்ற தேர்வுக்குப் போகிறது. இரண்டாம் மொழியில் சொல்லை அடையாளம் காண்பதே கவனத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. தேர்வு செய்ய எதுவும் மிஞ்சாததால் கை கண்ணில் படுவதை, அதாவது ஸ்லைடை, எழுதுகிறது.

எங்கே உடைகிறது என்று தெரியாமல் மருந்து தேட வேண்டாம். உங்கள் துறையிலேயே, எழுத்துப் படியோடு கிடைக்கும் விரிவுரைப் பதிவு ஒன்றை எடுத்து, மூன்று நிமிடத் துண்டுகள் மூன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் துண்டை எழுதாமல் ஒரே முறை கேட்டு, நிறுத்தி, என்ன சொன்னார் என்று தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தமிழில் சொல்லச் சொல்வதற்குக் காரணம், சோதிப்பது கேட்கும் திறனை, ஆங்கிலத்தில் பேசும் திறனை அல்ல. இரண்டாம் துண்டைக் கேட்காமல் எழுத்துப் படியை மட்டும் ஒரு முறை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். மூன்றாவதைக் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டு, குறிப்பை மூடிவிட்டுச் சொல்லுங்கள்.

வாசித்தும் புரியவில்லையென்றால் குறை பாட அறிவிலும் கலைச்சொல்லிலும். வாசித்தால் புரிந்து, கேட்டால் புரியவில்லையென்றால் குறை காதில். கேட்டால் புரிந்து, எழுதினால் தவறுகிறதென்றால் எழுதும் சுமை. நடுவரிசை சொல்வது மூன்றாவது வகை போலத் தெரிகிறது. ஆனால் "ஓரளவு பிடிபடுகிறது" என்ற இடத்தில் எனக்குச் சந்தேகம். பழகிய சொற்கள் அடிக்கடி காதில் விழுந்தாலே புரிந்தது போல் இருக்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒலியன்:
இரண்டாவது வகைக்கு, அதாவது வாசித்தால் தெரியும் சொல் காதில் தெரியாமல் போவதற்கு, நான் பதில் சொல்கிறேன். இதைப் பலரும் "உச்சரிப்பு விளங்கவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இது சீராகப் பயின்றால் சரியாகக்கூடிய குறை.

தமிழில் சொல்லின் ஒவ்வோர் உயிரும் ஏறக்குறைய அதன் அளவோடு ஒலிக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை மட்டும் முழுதாக வரும், மற்றவை சுருங்கிவிடும். "ஷுட் ஹேவ் பீன்" என்று ஏட்டில் படித்தது பேச்சில் "ஷுடபின்" என்று ஒரே சொல்லாக வருகிறது. முழு உயிரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது அதை அறியாத சொல் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்த நிற்றலில்தான் அடுத்த வாக்கியம் போகிறது.

ஆங்கிலம் தாய்மொழியானவர்கள் அழுத்தமான அசை வந்த இடத்தில் புதுச் சொல் தொடங்குவதாக எடுத்துக்கொண்டு பேச்சைத் துண்டாக்குகிறார்கள் என்று ஆன் கட்லரும் டென்னிஸ் நாரிஸும் 1988இல் காட்டினார்கள். வகுப்பில் இழை அறுந்தால் இதையே கைப்பிடியாகக் கொள்ளுங்கள்: சிறு சொற்களைத் துரத்த வேண்டாம், அழுத்தமாக விழும் அசைகளை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் பொருள் தரும் சொற்களில் பெரும்பாலானவை கிடைக்கும்.

இதற்கு விலக்கு எதிர்மறை. "கேன்", "கான்ட்" இரண்டையும் கடைசி மெய்யை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள், அது பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். உடன்பாட்டில் உயிர் சுருங்கி "கன்" என்று மெலிந்து வரும். எதிர்மறையில் உயிர் முழுதாக, அழுத்தத்தோடு வரும். இந்த வேறுபாட்டைத்தான் காது பழக வேண்டும். அதேபோல "அன்லெஸ்", "ஹார்ட்லி", "ஃபெயில்ஸ் டு", "நெய்தர்" ஆகியவையும் எதிர்மறைகளே. "நாட்" என்ற ஒலி இல்லாததால் நழுவிவிடும்.

பயிற்சி இது: 20 முதல் 30 வினாடித் துண்டு. மூன்று முறை கேட்டு, கேட்டதை அப்படியே எழுதுங்கள். பிறகு எழுத்துப் படியோடு ஒப்பிட்டு ஒவ்வொரு தவறையும் நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: தெரிந்த சொல், அடையாளம் காணவில்லை. தெரியாத சொல். சொல் எல்லை தவறு. சிறு சொல் விடுபட்டது. படியைப் பார்த்தபடி ஒரு முறை, பார்க்காமல் ஒரு முறை மறுபடி கேளுங்கள். நாளுக்கு 15 நிமிடம் போதும். இரண்டு வாரத் தவறுகளைக் கூட்டிப் பார்த்தால் எந்த வகை மிகுதி என்று தெரிந்துவிடும். முதல் வகை மிகுதியென்றால் அகராதியோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை, கேட்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

எழுத்துப் படியை முதலிலேயே பார்த்துவிட்டால் இந்தப் பயிற்சிக்குப் பொருளே இல்லை. கண் கண்டுபிடித்ததைக் காது கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வோம்.

பின்பெஞ்ச்:
இதெல்லாம் வீட்டுல செய்யறது. சரி. 50 நிமிஷ வகுப்புல உட்கார்ந்திருக்கும்போது பேனாவை எப்ப எடுக்கணும், எப்ப வைக்கணும்?

குறிப்பேடு:
சரியான கேள்வி. குறிப்பெடுப்பதில் பாதி வேலை எழுதாமல் இருக்கும் இடங்களை அறிவதுதான்.

விரிவுரையில் வழிகாட்டிச் சொற்கள் இரண்டு வகை. ஒன்று பெரிய திருப்பங்களைக் காட்டுவது: "இன்று நாம் பார்க்கப்போவது", "இதற்கு மூன்று காரணங்கள்", "அடுத்த பிரச்சினைக்கு வருவோம்". மற்றொன்று வாக்கியங்களை ஒட்டும் சிறு சொற்கள்: "வெல்", "ஸோ", "நௌ", "ஓகே". கிரெய்க் ஷோட்ரனும் ஜாக் ரிச்சர்ட்ஸும் 1986இல் ஒரே விரிவுரையை இந்தச் சொற்களோடும் இல்லாமலும் இரண்டாம் மொழி மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய திருப்பச் சொற்கள் நினைவில் நிறுத்த உதவின, சிறு சொற்கள் அந்த அளவுக்கு உதவவில்லை. பிற்கால ஆய்வுகள் சிறு சொற்களுக்கும் பயன் உண்டு என்கின்றன. என் கருத்தில், கவனம் குறைவாக இருக்கும் தொடக்க நிலையில் பெரியவற்றை மட்டும் பிடித்தால் போதும்.

ஒவ்வொன்றுக்கும் கை என்ன செய்ய வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

"தேர் ஆர் த்ரீ ரீசன்ஸ்" என்று கேட்டவுடன் 1, 2, 3 என்று மூன்று வரி இடைவெளியோடு எண்களைப் போட்டுவிடுங்கள். இரண்டாவது தவறினால் அந்த இடம் காலியாக நிற்கும், தவறியது என்று தெரியும். எண் போடாமல் எழுதினால் தவறியதே தெரியாது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

"ஹவெவர்", "ஆன் தி அதர் ஹேண்ட்", "பட் நோடிஸ்" வந்தால் புது வரியில் ஆனால்! என்று எழுதுங்கள். தேர்வுக் கேள்விகள் இந்த இடங்களிலிருந்துதான் அடிக்கடி பிறக்கின்றன.

"பை திஸ் ஐ மீன்", "இன் அதர் வேர்ட்ஸ்" என்றால் இப்போது சொன்னதையே வேறு சொற்களில் சொல்லப்போகிறார். இது உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. முதல் முறை புரிந்திருந்தால் இந்த நேரத்தில் எழுதுங்கள், புரிந்திருக்கவில்லையென்றால் பேனாவை நிறுத்திக் கேளுங்கள்.

"ஃபார் எக்ஸாம்பிள்" வந்தால் எ.கா. என்று போட்டு ஒரே ஒரு சொல். உதாரணத்தை முழுதாக எழுதப் போகிறவர்தான் அதற்குப் பின் வரும் முடிவைக் கோட்டைவிடுவார்.

"பை தி வே", "இன்சிடென்டலி" என்றால் கிளைக்கதை. பேனாவை வைத்துவிட்டு முந்தைய வரிகளைச் சரிசெய்யும் நேரம்.

குறிப்பில் எத்தனை சொல் இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பட்ரீசியா டங்கல் 1988இல் ஆங்கிலம் தாய்மொழியானவர், அல்லாதவர் ஆகிய இரு தரப்பின் விரிவுரைக் குறிப்புகளையும் தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார். கேள்விகளுக்கு விடையாகக்கூடிய கருத்துகள் இருந்தனவா, அவை சுருக்கமாக இருந்தனவா என்பவைதான் மதிப்பெண்ணோடு இணைந்து நின்றன. எழுதிய அளவு அல்ல.

பின்பெஞ்ச்:
எல்லா ஆசிரியரும் இப்படித் திருப்பம் சொல்லிட்டுத் திரும்பறது இல்ல. சிலர் ஸ்லைடைத் தள்ளிக்கிட்டே ஒரே சுருதியில பேசுவாங்க. அப்ப?

குறிப்பேடு:
அப்போது சொல்லுக்குப் பதில் குரலையும் நேரத்தையும் பாருங்கள். நீளமான நிறுத்தம், அதைத் தொடர்ந்து குரல் உயர்ந்து தொடங்குவது புதுத் தலைப்பு. குரல் தாழ்ந்து வேகம் கூடினால் அது பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள் வர வேண்டிய துணைச் செய்தி. ஒரே சொல்லை இருமுறை சொன்னாலும் பலகையில் எழுதினாலும் அது குறிப்பில் இருக்க வேண்டும். ஸ்லைடுத் தலைப்பு மாறுவதையே திருப்பமாகக் கொண்டு பக்கத்தில் ஸ்லைடு எண்ணை மட்டும் எழுதுங்கள். ஸ்லைடில் இருப்பதைத் திரும்ப எழுதவே வேண்டாம், அது எப்படியும் கிடைக்கும். ஸ்லைடில் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னதுதான் வகுப்பு முடிந்ததும் காற்றோடு போவது.

செவிவழி:
பின்பெஞ்ச் சொல்லும் வகை ஆசிரியருக்கு முன் தயாரிப்புதான் மருந்து. 15 முதல் 20 நிமிடம், அதற்கு மேல் தேவையில்லை. பாடப்பகுதியின் தலைப்புகளையும் படங்களின் விளக்க வரிகளையும் மட்டும் வாசியுங்கள். 10 முதல் 15 கலைச்சொற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் இணைய அகராதியில் *ஒலியாக* இரண்டு முறை கேளுங்கள். சொல்லின் பொருள் தெரிந்து ஒலி தெரியாவிட்டால் வகுப்பில் அது தெரியாத சொல்தான். பிறகு அந்தச் சொற்களுக்கு இப்போதே சுருக்கம் முடிவு செய்து பக்கத்தின் மேல் மூலையில் எழுதிவையுங்கள். வகுப்பின் நடுவில் சுருக்கம் கண்டுபிடிப்பது தேவையற்ற சுமை.

கடைசியாக, இந்த வகுப்பு விடையளிக்கும் என்று நினைக்கும் இரண்டு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். கேள்வியோடு கேட்கும்போது எதைத் தேர்வது என்ற வேலையில் ஒரு பங்கு முடிந்துவிட்டிருக்கும்.

புதிய ஆசிரியர் என்றால் முதல் ஐந்து நிமிடம் அதிகம் எழுத வேண்டாம். அவருடைய உச்சரிப்புக்குக் காது பழகட்டும், அந்தப் பழக்கம் நாம் நினைப்பதைவிட விரைவாக வரும்.

கயல்மொழி:
மொழி பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் வரவில்லை. என் நிலைப்பாடு: வகுப்பில் மொழிபெயர்க்கக் கூடாது. "இதற்குத் தமிழில் என்ன?" என்று தேடும் இரண்டு வினாடியில் ஐந்து சொற்கள் போய்விடும். தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்றால் குறிப்பும் ஆங்கிலத்திலேயே இருப்பது நல்லது. பின்னால் விடை எழுதும்போது அதே சொற்கள் கைக்கு வரும்.

குறிப்பேடு:
கலைச்சொல் வரையில் உடன்படுகிறேன், கயல்மொழி. மற்றதில் இல்லை. கருத்து மனதில் தமிழில் தோன்றிவிட்டால் அதைத் தடுத்து ஆங்கிலத்தில் இலக்கணம் பார்த்து எழுத வைப்பதும் மொழிபெயர்ப்புதான், திசை மட்டும் வேறு. முதலில் மனதில் வரும் சொல் எதுவோ அது தாளில் போகட்டும். கலைச்சொல் விரிவுரை மொழியில், உறவு குறியீட்டில், என் ஐயமும் விளக்கமும் தமிழில். இந்தக் கலவைக்கு இன்னொரு நன்மை உண்டு: பிறகு திருப்பிப் பார்க்கும்போது எது ஆசிரியர் சொன்னது, எது நான் நினைத்தது என்று மொழியே காட்டிவிடும்.

தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் வெட்டிவிடுங்கள். "வெப்பத்தால் விரிவடைகிறது" என்று எழுதினால் நீளம். "வெப்பம் → விரிவு" போதும். நான் பரிந்துரைக்கும் குறிகள் பன்னிரண்டைத் தாண்டாது: → விளைவு, ∵ காரணம், ∴ ஆகவே, ↑ ↓ கூடுதல் குறைதல், = வரையறை, ≠ வேறு, ✗ இல்லை, ? ஐயம், ! தேர்வுக்கு, எ.கா., □ தவறிய இடம். இதற்கு மேல் போனால் குறியை நினைவுகூர்வதே வேலையாகிவிடும்.

கயல்மொழி:
"முதலில் வருவது தாளில் போகட்டும்" என்பதை ஏற்கிறேன். ஆனால் அன்று மாலைக்குள் தமிழில் எழுதிய கருத்துகளை ஒரு முறை ஆங்கில வாக்கியமாக்கிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வு மேசையில்தான் முதன்முறையாக அதைச் செய்ய வேண்டிவரும்.

நடுவரிசை:
ஒரு மாதிரி காட்ட முடியுமா?

குறிப்பேடு:
உயிரியலில் ஒரு பத்தி. ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வதன் சாரம் இது:

"வெப்பநிலை கூடக் கூட நொதி வினையின் வேகமும் கூடும். மூலக்கூறுகள் வேகமாக நகர்ந்து அடிக்கடி மோதுவதே காரணம். ஆனால் இது ஓர் எல்லை வரைதான். மனித உடலின் பெரும்பாலான நொதிகளுக்கு அந்த எல்லை 37 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அதைத் தாண்டி மிகவும் சூடானால் புரதத்தின் வடிவம் குலைந்து (டீநேச்சர்), வினைபடு பொருள் பொருந்தும் இடம் (ஆக்டிவ் சைட்) மாறிவிடும். குளிரில் அப்படி அல்ல. வேகம் குறையுமே தவிர நொதி அழியாது, சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும்."

பலரின் குறிப்பில் முதல் வாக்கியம் முழுதாக இருக்கும். பிறகு "37" என்று தனியாக ஓர் எண். பிறகு "டீநேச்சர்", அதன் கீழ் "கோல்ட் – டீநேச்சர்". கடைசி வரி நேர்மாறான தவறு. "இல்லை" என்ற ஒற்றைச் சொல் கையிலிருந்து நழுவியிருக்கிறது. முதல் வாக்கியத்தை முழுதாக எழுதியதற்கான விலை அது.

இப்படி இருக்கலாம்:

வெப்பம்↑ → என்சைம் வேகம்↑ ∵ மோதல்↑
ஆனால்! உச்சம் ≈ 37°
மிகு சூடு → வடிவம் குலை = டீநேச்சர் → ஆக்டிவ் சைட் ✗
குளிர்: வேகம்↓, அழிவு ✗ (சூடு → மீண்டும் ஓடும்)
□ சப்ஸ்ட்… = பொருந்தும் பொருள்?

கடைசி வரியைக் கவனியுங்கள். சொல் முழுதாகக் காதில் விழவில்லை. ஆனாலும் விழுந்த பாதியும் ஊகமும் தாளில் இருக்கின்றன. எழுதுபவர் அங்கே நிற்கவில்லை.

எழுதும் நேரமும் முக்கியம். வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுதத் தொடங்காதீர்கள். கருத்து முடியும் வரை கேட்டு, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அல்லது அதையே திரும்பச் சொல்லும் இடத்தில் எழுதுங்கள். முதல் சில வகுப்புகளில் இது பதற்றத்தைத் தரும்.

ஒலியன்:
அந்தக் கடைசி வரி பற்றி ஒரு நுணுக்கம். புரியாத சொல்லை ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஊகித்து எழுத முயல்வது நேர விரயம். கேட்ட ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கை நிற்காது. ஒரே குறை, தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் பொது. ஆகவே அதிர்வோடு வரும் ஒலிக்கு எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். "பேட்டன்" என்று எழுதியிருந்தால் அதன் முதலெழுத்து எந்த ஒலி என்பது மாலையில் நினைவிருக்காது. அழுத்தம் விழுந்த அசைக்கு மேலே ஒரு சிறு கோடு. இவ்விரண்டு குறியும் இருந்தால் பாடநூலின் பொருளகராதியில் அந்தச் சொல்லை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

தாள்மடிப்பு:
பக்க அமைப்பு பற்றிச் சேர்க்கிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறை பலருக்கும் தெரிந்திருக்கும்: இடப்பக்கம் 6 சென்டிமீட்டர் அளவுக்குத் துப்புச் சொற்கள் (குறிப்பை நினைவூட்டும் சொற்களும் கேள்விகளும்), வலப்பக்கம் 15 சென்டிமீட்டர் குறிப்பு, அடியில் 5 சென்டிமீட்டர் சுருக்கம். வகுப்பில் வலப்பக்கம் மட்டும் எழுதுவது, மற்ற இரண்டும் பிறகு.

இரண்டாம் மொழிக்காரர்களுக்கு இதில் ஒரு மாற்றம் தேவை. குறிப்புப் பகுதியில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். தாய்மொழிக்காரரின் குறிப்பில் பிறகு சேர்க்க வேண்டியது குறைவு, நமக்கு அதிகம். நெருக்கி எழுதிய பக்கத்தில் தவறியதைச் சேர்க்க இடமில்லாமல், அந்தத் திருத்தம் நடக்காமலே போய்விடுகிறது. இன்னொன்று, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஓரத்தில் மணியை எழுதுங்கள். பதிவு இருந்தால் தேட உதவும், இல்லாவிட்டாலும் நண்பரின் குறிப்போடு பொருத்த உதவும்.

வடகரை:
ஜெர்மன் மொழியில் படிப்போருக்கு இரண்டு குறிப்பு. அங்கே துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், தமிழ்க் காதுக்கு அது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் முதன்மை வாக்கியத்தில் வினையின் முன்னொட்டு பிரிந்து வாக்கிய இறுதிக்குப் போய் பொருளையே மாற்றிவிடும். அதனால் வினையை எழுதிவிட்டு அதன் பின் ஓர் இடம் விட்டு, முன்னொட்டு வந்ததும் நிரப்புங்கள். எண்களில் ஒன்றின் இலக்கம் முதலில் வரும். 25 என்பது "ஐந்தும் இருபதும்" என்று வரும். வரும் வரிசையில் எழுதினால் 52 ஆகிவிடும். முதலில் 5ஐ வலப்பக்கம் எழுதி, பிறகு 2ஐ அதன் இடப்பக்கம் எழுதக் கையைப் பழக்குங்கள்.

செவிவழி:
எண்கள் ஆங்கிலத்திலும் பெரிய கண்ணிதான். மில்லியன், பில்லியனை வகுப்பிலேயே லட்சம், கோடியாக மாற்றாதீர்கள். 3.2மி, 4பி என்று கேட்டபடி எழுதிவிட்டு, பிறகு 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி என்று மாற்றிக்கொள்ளலாம். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" வேறுபாடு தனியாகச் சொல்லும்போது அழுத்தத்தில் இருக்கும், ஆனால் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் "ஃபிஃப்டீன்" என்பதிலும் அழுத்தம் முன்னே நகர்ந்துவிடலாம். அங்கே கடைசி "ன்" மட்டுமே துணை. ஐயம் இருந்தால் 15/50? என்று இரண்டையும் எழுதிவிட்டு வகுப்பு முடிந்ததும் கேளுங்கள்.

பின்பெஞ்ச்:
மடிக்கணினியா பேனாவா? தட்டச்சு வேகம் அதிகம்தானே.

தாள்மடிப்பு:
வேகம் அதிகமாக இருப்பதுதான் அதன் ஆபத்தும். முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் தட்டச்சு செய்தவர்கள் அதிகச் சொற்களை, பேசியது பேசியபடி எழுதினார்கள், கருத்து சார்ந்த கேள்விகளில் பின்தங்கினார்கள். ஆனால் 2019இலும் 2021இலும் வேறு குழுக்கள் திரும்பச் செய்து பார்த்தபோது சொல்லுக்குச் சொல் எழுதும் போக்கு மறுபடி தென்பட்டது, தேர்வு மதிப்பெண்ணில் உறுதியான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே "பேனாதான் சிறந்தது" என்று அறிவியல் முடிவுகட்டிவிட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டாம் மொழிக்கு மட்டும் நான் பேனா பக்கம் நிற்கிறேன். காரணம் எளிது: அம்புக்குறி, பாதிச் சொல், தமிழ் எழுத்து, வெற்றிடம், படம் ஆகிய ஐந்தும் கலந்து வரும் குறிப்பைத் தட்டச்சில் எடுக்க முடியாது. விசைப்பலகை மொழியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

கயல்மொழி:
ஒலிப்பதிவுக்கு வருகிறேன். முதலில் ஆசிரியரிடம் அனுமதி. பதிவு செய்தால் வகுப்பில் கவனம் தளரும் என்பது உண்மையான ஆபத்து, "பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்று மனம் விட்டுக்கொடுத்துவிடும். 50 நிமிடத்தை முழுதாகத் திரும்பக் கேட்பவர் வாரத்தின் நான்காவது வகுப்பிலேயே பின்தங்குவார். □ போட்ட இடங்களுக்கு மட்டும், ஓரத்து மணியை வைத்துப் போய், 30 வினாடி முன்னிருந்து கேளுங்கள்.

பதிவை 0.75 வேகத்தில் ஓட்டுவதைவிட, இயல்பு வேகத்தில் ஒவ்வொரு கருத்து முடிவிலும் நிறுத்திக் கேட்பது நல்லது. வேகத்தைக் குறைத்தால் ஒலிகள் நீண்டு உருமாறும், வகுப்பில் அப்படி யாரும் பேசப்போவதில்லை. இடைவெளிதான் மனதுக்குத் தேவை.

தானியங்கி எழுத்துரையை வகுப்பில் கண்ணெதிரே ஓடவிடாதீர்கள். கண் அதைப் படித்தால் பலகையைப் பார்க்காது. அது அதிகம் தவறுவதும் கலைச்சொல்லிலும் பெயரிலும்தான், நமக்கு உதவி வேண்டிய அதே இடத்தில். வீட்டில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு:
வகுப்புக்குப் பின் என்ன செய்கிறோம் என்பதில்தான் பெரும்பாலான குறிப்புகள் சாகின்றன. குறிப்புக்கு இரண்டு பயன் என்று டி வெஸ்டாவும் கிரேயும் 1972இல் பிரித்தார்கள்: எழுதும் செயலால் மனதில் பதிவது, பிறகு பார்க்கச் சேமித்து வைப்பது. இரண்டாம் மொழியில் முதல் பயன் குறைவாகவே கிடைக்கும், எழுதும்போது ஆழமாகச் சிந்திக்கக் கவனம் மிஞ்சுவதில்லை. அதனால் இரண்டாவதை விடவே முடியாது.

அதே நாளில் 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் குறிப்பை மூடிவிட்டு, நினைவில் நிற்பதைத் தனித்தாளில் எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், நினைவை வெளியே இழுப்பதுதான் அதை நிலைக்க வைக்கிறது. அடுத்த பத்து நிமிடம் குறிப்பைத் திறந்து வேறு நிற மையில் விடுபட்டதைச் சேர்த்து, □ இடங்களைப் புத்தகத்தோடு நிரப்புங்கள். கடைசி ஐந்து நிமிடம் இடப்பக்கத்தில் துப்புக் கேள்விகள். எழுதிய கலைச்சொற்களை மறுபடி ஒலியாக ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த வகுப்புக்கான தயாரிப்பும் அதிலேயே தொடங்கிவிடும்.

மூன்று பேர் சேர்ந்து குறிப்பை ஒப்பிடுவது நல்லது. ஒருவரிடமிருந்து இன்னொருவர் நகலெடுப்பது அல்ல. ஒவ்வொருவரும் தன் □ பட்டியலோடு வந்து அவற்றை மட்டும் கேட்க வேண்டும். மூவருக்கும் ஒரே இடம் காலியென்றால் அது ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "இன்றைய பாடம் புரியவில்லை" என்று போய் நிற்பதைவிட "இரண்டாவது காரணம் என்ன?" என்று கேட்பவருக்கு ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

சுண்ணக்கட்டி:
கற்பிக்கும் தரப்பிலிருந்து சொல்கிறேன், இந்த இழையை ஆசிரியர்களும் வாசிப்பார்கள் என்பதால். மாணவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றுவது நியாயமில்லை. விரிவுரையின் நடுவே மூன்று முறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் நிறுத்தி, மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு குறிப்பைச் சரிபார்க்க விடும் முறையை ருல், ஹியூஸ், ஷ்லாஸ் மூவரும் 1987இல் சோதித்தார்கள். நிறுத்திய வகுப்பினர் நினைவிலும் தேர்விலும் முன்னே நின்றார்கள். 45 நிமிடத்தில் ஆறு நிமிடம் போகிறதே என்று தோன்றும். அந்த ஆறு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடியது எப்படியும் எழுதப்பட்டிருக்காது.

மற்றவை சிறியவை. பெயர், ஆண்டு, எண் மூன்றையும் பலகையில் எழுதுங்கள். பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசாதீர்கள், உதடு தெரியாமல் போவதும் குரல் சுவரை நோக்கிப் போவதும் இரண்டாம் மொழிக்காரரை மிகவும் பாதிக்கும். ஒரே பொருளுக்கு நயத்துக்காக மூன்று வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்த வேண்டாம், கேட்பவர் மூன்று பொருள் என்று எழுதிக்கொள்கிறார்.

நடுவரிசை:
எல்லோருக்கும் நன்றி. செவிவழி சொன்ன மூன்று துண்டுச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போனது: கணித வகுப்பு. நிரூபணம் முழுக்கப் பலகையில்தான் வருகிறது. அதைப் படியெடுப்பதா, கேட்பதா?

சுண்ணக்கட்டி:
பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரியுங்கள். இடப்பாதி பலகைக்கு, வலப்பாதி வாய்ச்சொல்லுக்கு. பலகை வரிகளுக்கு எண் போடுங்கள். வலப்பாதியில் எழுத வேண்டியவை மூன்று வகை: இந்தப் படி ஏன் அனுமதிக்கப்படுகிறது, எந்த நிபந்தனை இங்கே பயன்பட்டது, எந்தத் தவறு இங்கே வழக்கமாக நடக்கும். இவை பலகையில் வரவே வராது.

இரண்டையும் சமாளிக்க முடியாமல் பின்தங்கினால் இடப்பாதியை விடுங்கள். "வரி 6–8 □" என்று எழுதிவிட்டு வலப்பாதியைத் தொடருங்கள். விடுபட்ட பலகை வரியை மேலும் கீழும் உள்ள வரிகளிலிருந்து மேசையில் உட்கார்ந்து மீட்டுவிடலாம், புத்தகத்திலும் இருக்கும். ஆறாவது வரியில் பூஜ்யத்தால் வகுக்கிறோமா என்று அவர் ஏன் நின்று யோசித்தார் என்பதை எங்கிருந்தும் மீட்க முடியாது.